அகாயிதியின் கூந்தலில் எத்தனை மீன்

அகாயிதி மீன் சாப்பிடும்போது எதிரே யாரும் உட்கார மாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள், சிரிப்பு வந்துவிட்டால் வாயில் இருப்பது எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னொரு ஆபத்து. உங்கள் தட்டில் இருக்கும் மீன் கண்ணை உங்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்வாள். பசிபிக் கடல் நடுவே இருக்கும் எங்கள் ஆத்தியுத் தீவில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தம், மீதிப் பேர் அவள் புருஷனுக்குச் சொந்தம் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை; அதற்குள் மறு கண்ணையும் எடுத்திருப்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு காலத்தில் மீனைத் தொடாமல் இருந்தாள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அது நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்த காலம். அங்கே கடையில் ஐஸ் மேல் படுத்திருந்த மீனைப் பார்த்து, "இது செத்து எத்தன நாளாச்சுன்னு இதைப் பெத்தவளுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பொரித்த கோழி தின்றாள். கூட வேலை பார்த்த சாமோவாக்காரி சொன்னாள் என்று தலைமுடிக்குச் சிவப்புச் சாயம்கூடப் பூசிக்கொண்டாள். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாள். துறையில் மாரா என்கிறவன் தன்னைவிட நீளமான ஒரு மார்லின் மீனைப் படகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். ஈட்டி போன்ற அதன் மூக்கு ஒரு பக்கம், அவனுடைய பல் வரிசை ஒரு பக்கம். அகாயிதி மீனைப் பார்த்தாள், மாராவைப் பார்த்தாள், மறுபடியும் மீனைப் பார்த்தாள். ஆக்லாந்துக்குத் திரும்பிப் போகவேயில்லை.

"என்னையக் கட்டிக்கிட்டாளா, அந்த மீனக் கட்டிக்கிட்டாளான்னு இன்னி வரைக்கும் வெளங்கல" என்று மாரா எல்லோரிடமும் சொல்வான். சொல்லும்போது அவன் முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

மாரா பெரிய மீன்காரன். மார்லின், சுறா, ஆள் கனத்துச் சூரை, இவைதான் அவனுக்கு மீன். கை நீளத்துக்குக் குறைந்ததை ஊர் வழியாக எடுத்துவர மாட்டான். ஊரே வலை போட்டு அள்ளுகிற பறவைக்கோலாவை அவன் மீன் என்றே சொல்ல மாட்டான், இரை என்பான். ஆண்கள் கூடி ஆரஞ்சு மது குடிக்கிற காட்டுக் குடிலில் அவன் தன் மீனின் நீளத்தைக் காட்ட இரண்டு கையையும் விரித்தால், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ளச் சாய்ந்து உட்காருவார்கள். அதெல்லாம் பழகிப்போன ஒன்று.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. இரண்டு முறை அகாயிதி உண்டானாள், இரண்டு முறையும் தங்கவில்லை. அப்போதெல்லாம் அவள் சிரிப்பு பல மாதங்கள் ஊரில் கேட்காமல் போனது. தேவாலயத்தில் பாட்டுக்குரல் ஒன்று குறைந்தால்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்தச் சிரிப்பு இல்லாததை எல்லோரும் கவனித்தோம். பிறகு நாற்பத்திரண்டு வயதில், இனி இல்லை என்று அவளே விட்டுவிட்ட பிறகு, வயிற்றில் மறுபடியும் ஒன்று வந்து உட்கார்ந்தது. நாலு மாதம் தாண்டியது. ஐந்தாவது தொடங்கியது. அகாயிதிக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் வருகிற தலைசுற்றல்கூட அவளுக்குப் பிடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிப்பாள். மோட்டார் பைக்கில் போகிறவர்களை நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். மாராவோ அவள் நடக்கிற வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் பொறுக்கிப்போட்டுக்கொண்டு முன்னால் போவான்.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டது கிடைக்க வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. அகாயிதி ஆசைப்பட்டது மார்லின். அதனால் மார்லின் வந்தது. எலுமிச்சையில் ஊறித் தேங்காய்ப்பாலில் மிதந்து வந்தது, குழி அடுப்பில் வெந்து வந்தது, துண்டம் துண்டமாக வறுபட்டு வந்தது. மாரா பிடித்தது போக, பக்கத்து வீடுகளிலிருந்தும் தட்டு தட்டாக வந்தது.

இந்தச் சமயத்தில்தான் தலைநகர் இருக்கும் ரரோதொங்கா தீவிலிருந்து சுகாதாரத் துறைப் பெண் மகிரோவா விமானத்தில் வந்து இறங்கினாள். மீன் வழியாக மனுஷர் உடம்புக்குள் எவ்வளவு பாதரசம் போகிறது, அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று கணக்கிடுவது அவள் வேலை. கையில் ஒரு சமையல் தராசு வைத்திருந்தாள். வீடு வீடாகப் போய்த் தட்டில் இருக்கிற மீனை எடைபோட்டாள். எங்கள் ஆட்கள் விருந்தாளி ஆசையாகக் கேட்கிறாளே என்று அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அகாயிதி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாவம், அவளால் மூச்சு விட முடியவில்லை.

"ஒரு வேளைக்கு எவ்ளோ மீன்க்கா சாப்பிடுவீங்க?"

"வேளைன்னா?"

"காலைல, மத்தியானம், ராத்திரி..."

"காலைல உக்காந்தா மத்தியானம் சாப்பாடு வர்ற வரைக்கும் எந்திரிக்கிறது இல்ல. இத ஒரு வேளைன்னு வச்சுக்குவமா?"

மகிரோவா சிரித்துவிட்டாள். ஆனால் அகாயிதியின் தட்டில் இருந்ததைத் தூக்கித் தராசில் வைத்தபோது முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவள் சிரிப்பு குறைந்தது. தராசை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"கடல்ல பாதரசம்னு ஒண்ணு கலந்திருக்குக்கா. சின்ன மீனுக்குள்ள அது ஒரு துளிதான் போகும். அந்தச் சின்ன மீன் நூறத் தின்னுட்டு நடுவாந்தர மீனு ஒண்ணு வளருது. அது நூறத் தின்னுட்டுப் பெரிய மீனு வளருது. துளித்துளியா எல்லாம் மேல போய் மேல போய், பெரிய மீனுக்குள்ள வந்து தங்கிருது. அதத்தான் நீங்க சாப்பிடுறீங்க."

"சரி. அப்ப என்னைய யாரு திங்கிறா?" என்று கேட்டுவிட்டு அகாயிதி சிரிக்கத் தயாரானாள்.

மகிரோவா அவள் வயிற்றைப் பார்த்தாள். "உள்ள இருக்கிற ஆளுதான்க்கா" என்றாள்.

அந்தச் சிரிப்பு வரவில்லை. மாரா வாசலில் நின்று தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் கையும் நின்றது.

"பயமுறுத்தல. மூளை வளர்ற நேரம், அதான் கேக்குறேன். எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டா என்ன செய்யணும்னு சொல்லிரலாம். தலைமுடி கொஞ்சம் குடுங்க. நாம தின்னதெல்லாம் முடி வளர வளர அதுல பதிஞ்சுக்கிட்டே வரும். மாசத்துக்கு இவ்ளோ வளருதுன்னு வைங்க." சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைக் காட்டினாள். "பிடரிகிட்ட, தோல ஒட்டி, ஒரு பென்சில் கனத்துக்கு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது மாராவின் அக்கா பரேயினா காதில் விழுந்தது. பரேயினாவுக்கு ஊரில் எது நடந்தாலும் காதில் விழும். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"என்னம்மா பொண்ணு, தலையின்னா என்ன வாழைத் தாருன்னு நெனச்சியா, வந்தேன் வெட்டினேன்னு போறதுக்கு?"

எங்கள் பக்கம் தலை என்பது விளையாட்டல்ல. மூத்த மகனுக்கு முதல் முடி வெட்ட வேண்டுமென்றால் கடல் கடந்து போன உறவெல்லாம் திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு கற்றை வெட்டி, ஆளுக்கு ஒரு பரிசு வைத்து, பன்றி வெட்டிச் சாப்பிட்ட பிறகுதான் அது முடிவெட்டு. அகாயிதியோ ஊர் திரும்பியதிலிருந்து தலையில் கத்தரி படவிட்டதில்லை. கூந்தல் இடுப்புக்குக் கீழே கிடந்தது.

"மதினி, அது பையனுங்களுக்கு நடத்துறது" என்றாள் அகாயிதி.

"பொம்பளைக்கு நடத்தக் கூடாதுன்னு எவன் சொன்னான்? உள்ள இருக்கிறது பையனா இருந்தா அவனுக்கும் சேத்து நடந்ததா இருக்கட்டும்."

ஆக, சடங்கு என்று முடிவாயிற்று. யாரும் இதற்கு முன்னால் நடத்தியிராத சடங்கு என்பதால் எல்லா விதியையும் பரேயினாவே போட்டாள். இரண்டு பன்றி, மலை போலச் சேம்புக் கிழங்கு, சேம்புக் கீரை, எல்லாவற்றுக்கும் மேலாக மீன். மீனில் கெடுதல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஊர் கூடி மீனாகத் தின்று தீர்த்தது என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விருந்து இல்லாமல் முடியை எப்படி வெட்டுவது?

மகிரோவா அன்றைக்குத் தலைமை விருந்தாளி. அதனால் வந்தவர்கள் எல்லாம் அவளுக்கு மாலை போட்டார்கள். முதல் மாலை நெஞ்சில் கிடந்தது, அடுத்தது தோளில் ஏறியது, அதற்கப்புறம் வந்தவை கழுத்தை மூடி, தாடையை மூடி, மூக்குக்கு வந்து நின்றன. மேலே ஒரு பூமுடியையும் வைத்துக் கண் வரைக்கும் இறக்கிவிட்டாள் பரேயினா. உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்பதற்குத் தும்மல் மட்டுமே சாட்சி.

அகாயிதியை ஒட்டுத்துணி விரிப்பு போர்த்திய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கூந்தலைக் கற்றை கற்றையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாடா கட்டினார்கள். பாஸ்டர் ஜெபம் சொன்னார். முதல் கத்தரியைப் பெரியப்பா ஒருவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் பிடரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"பிள்ளைத்தாய்ச்சி கழுத்துகிட்ட இரும்பக் கொண்டுபோறதா? என்னால ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு, கூந்தலின் கோடியில், நாற்காலிக்குக் கீழே தொங்குகிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கினார். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் நுனியிலேயே நறுக்கினார்கள்.

"பிடரிகிட்ட... தோல ஒட்டி..." என்று பூக்குவியலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமாம்மா, ஆமா" என்று எங்கள் ஊர் வழக்கப்படி புருவத்தை உயர்த்தி எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். விருந்தாளி சொல்லை மறுத்துப் பேசுவது அழகா? இன்னொரு மாலையைப் போட்டார்கள்.

மறுநாள் விமான ஓடுதளத்தில் கற்றைகளைக் கொடுக்கும்போது மகிரோவா மறுபடியும் கேட்டாள். "கழுத்துலருந்து எடுத்ததுதான?"

"கழுத்துலருந்து தொங்குற முடிதானம்மா எல்லாம்" என்று பரேயினா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். பொய் சொன்னதாக அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முடி போன நாளிலிருந்து அகாயிதி மார்லினைப் பாதியாகக் குறைத்திருந்தாள். பாதி என்றால் அவள் பாதி. ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் வயிற்றைத் தடவி, "இது உனக்கு இல்ல, எனக்கு மட்டும்" என்று சொல்லிக்கொண்டாள். ராத்திரி படுத்தால் சின்ன மீன், நடு மீன், பெரிய மீன் என்று வரிசையாக வந்தன. வரிசையின் கடைசியில் ஒரு சின்ன ஆள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. பகலில் அதை யாரிடமும் காட்டாமல் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

முடிவு போனில் வந்தது. கடைக்கு முன்னால் கூட்டமாக நின்றிருந்தார்கள். அகாயிதி போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, ஒண்ணுமே இல்லக்கா. மீனே சாப்பிடாதவங்க முடி மாதிரி இருக்கு. எனக்கே ஆச்சரியமா இருக்கு, அதனால இன்னொரு வாட்டி..."

மீதியை யாரும் கேட்கவில்லை. கடைக்காரன் டின்னைத் தட்ட, பரேயினா பாட்டை எடுக்க, அகாயிதி நடுத்தெருவில் இடுப்பை ஆட்டி ஆடினாள். ஐந்து மாதம் தாண்டிய வயிறு முன்னால் ஆடியது, மாரா கைகளை நீட்டிக்கொண்டு, விழுந்தால் பிடிக்க, கூடவே சுற்றிச் சுற்றி வந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். அதை மறைக்கவும் இல்லை.

அந்தச் சந்தோஷம் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் அவனுக்கு. காட்டுக் குடிலில் குடிப்பதற்கு முன் சொல்கிற ஜெபம் முடிந்து, மதுச் சிரட்டை சுற்றுக்கு வந்தது. ஊற்றிக் கொடுக்கிறவன் உபோகோ. மாராவோடு கூடவே வளர்ந்தவன், அதனால் இரக்கம் கிடையாது.

"மாரா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது. உம் படகு கடலுக்குத்தான போகுது?"

"ஏன்?"

"இல்ல, வீட்டுல மீனே போடலையாமே. கவருமெண்டு சொல்லுது. பாவம் அந்தப் புள்ள, டின்னு மாட்டுக்கறியத் தின்னுட்டு ஊருக்குப் பயந்து மீனு மீனுன்னு சொல்லிட்டிருந்திருக்கு."

சிரட்டை கீழே உருண்டது. சிரிப்பில் இரண்டு பேருக்குப் புரையேறியது. மாரா குடிக்காமலே எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் விடியும் முன்பே கடலுக்குப் போனான். வெயில் ஏறத் திரும்பி வந்தபோது அந்த வருஷத்திலேயே பெரிய மார்லின் அவனோடு வந்தது. அதை வண்டியில் ஏற்றி, நேரே வீட்டுக்கு வராமல், ஐந்து கிராமத்தையும் சுற்றி, உபோகோ வீட்டு வாசலில் தேவையில்லாமல் ஹாரன் அடித்து நின்றுவிட்டு வந்தான். மத்தியானத்துக்குள் ஒரு தட்டு அகாயிதி முன்னால் வந்தது. தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் மணந்தது. நடுவில், அவளுக்காகவே எடுத்து வைத்த கண்.

"தின்னு" என்றான் மாரா. "ஊரு பாக்கத் தின்னு. அதான் ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சே."

அவளுக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது. கண்ணை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனாள். எதிரே பரேயினா உட்கார்ந்து, சடங்கன்று தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு கற்றையைப் பைபிள் உறைக்குள் வைப்பதற்காக நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் அதில் பட்டது.

"மதினி, அது ஏன் செவப்பா இருக்கு?"

"எது, இதுவா? நீ ஆக்லாந்துல பூசுன சாயந்தான? நுனில இன்னும் கெடக்கு. அழகாத்தான் இருக்கு."

அகாயிதி முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அய்யோ மாரா, அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். நான் மீனே திங்கலதான். அந்தக் கோழியத்தான்... நீங்க எல்லாரும் சேந்து என் பொரிச்ச கோழிய அனுப்பிட்டீங்க" என்றாள். மாராவுக்குப் புரியவில்லை. சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, அதைத் தன் கூந்தலின் மேலிருந்து கீழ் வரைக்கும் மாதம் மாதமாக வைத்துக்கொண்டே போனாள். இடுப்புக்கு வந்தபோது கல்யாணம் வந்தது. நுனிக்கு வந்தபோது சலவைக் கூடம் வந்தது.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. அப்படியானால் உள்ளே இருப்பதற்கு என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது. கண்ணைத் தட்டில் திரும்ப வைத்தாள். அவள் வாழ்க்கையில் மீன் கண் ஒன்று தட்டுக்குத் திரும்பியது அதுதான் முதல் தடவை.

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?" என்றாள் பரேயினா. "நல்ல சேதி வந்தாச்சு. நல்ல சேதிய யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா?"

திருப்பி அனுப்ப வேண்டாம் என்றுதான் அகாயிதிக்கும் இருந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. மகிரோவா எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறாள். மீன் மணக்கிறது. முன்பு போன இரண்டுக்கும் மீன் காரணம் இல்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார், அவளும் நம்பினாள். ஆனாலும் அந்த இரண்டு தடவையும் அவள் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. சும்மா படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்ததுதான். இந்தத் தடவை செய்வதற்கு ஒன்று இருக்கிறது.

"மாரா, பிடரிலருந்து வெட்டணும்."

மாரா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிலைமையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கும். நிஜமான முடியில் பாதரசம் நிறைய இருந்தால் அவன் மானம் திரும்பி வரும். பெண்டாட்டிக்கு மீன் போட்டவன் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். இல்லையென்றால் பிள்ளைக்கு நல்லது. இரண்டும் சேர்ந்து வராது.

"கூடுதலா வந்தா நீ ஜெயிச்சிருவ" என்றாள் அகாயிதி.

"வேணாம்" என்றான். "தோத்துட்டே போறேன்."

எழுந்துபோய்க் கத்தரியை எடுத்து வந்தான். பெரியப்பா இல்லை, பாஸ்டர் இல்லை, பன்றி இல்லை. மார்லினைத் தனியாளாகப் படகில் ஏற்றுகிற கை, பெண்டாட்டியின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு மயிரையும் தொடாமல் இரண்டு தடவை காற்றை வெட்டியது. பரேயினா கத்தப்போகிறாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் கையில் இருந்த கற்றையைக் கீழே வைத்தாள். பிறகு வந்து, மீதிக் கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆடாம வெட்டுடா, காதைக் கீதை எடுத்துறாத" என்றாள். வேர்ப் பக்கம் நூல் கட்டியதும் அவள்தான். அந்தத் தட்டு மார்லினை அன்றைக்கு யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டால், அதுவும் அவள்தான். "எனக்கு இனிமே பிள்ளையா பெறக்கப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

இந்த முறை மகிரோவா போன் செய்தபோது எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கவில்லை.

"கூடுதல்தான்க்கா. பயந்து சாகுற அளவுக்கு இல்ல, சும்மா விடுற அளவுக்கும் இல்ல. பெரிய மீன இன்னியோட நிறுத்துங்க. ரெண்டு மாசத்துல பாதி எறங்கிரும். மீன விட்டுறாதீங்க, அதுவும் பிள்ளைக்கு வேணும். சின்ன மீனாச் சாப்பிடுங்க. கோலா, கிளிமீன், அந்த மாதிரி."

அகாயிதி போனை வைத்துவிட்டு மாராவைப் பார்த்தாள். அவன் கொல்லைக்குப் போய், வளையம் நெளிந்து கிடந்த பழைய கோலா வலை ஒன்றைத் தேடி எடுத்தான். அது அவன் அப்பாவுடையது. எலி கடித்த ஓட்டையை உட்கார்ந்து பின்னினான்.

மறுநாள் ஊர் ஒரு காட்சியைக் கண்டது. பெரிய மீன்காரன் மாரா, மோட்டார் பைக்கின் கைப்பிடியில் உள்ளங்கை நீள மீன்களைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு, தெரு நடுவே நிமிர்ந்து வந்தான்.

"இரை எடுத்துட்டயா, சரி. மீன் பிடிக்க எப்பப் போற?" என்றான் உபோகோ.

"இதுதாண்டா மீனு."

விஷயம் வெளியே வந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. அகாயிதிக்குக் கூடுதல் என்று கேட்டதும், மாராவின் மானம் ஒரே நாளில் மரத்து உச்சிக்கு ஏறியது. மற்ற ஆண்களுக்குத் தூக்கம் போயிற்று. "எம் பொண்டாட்டிக்கு மட்டும் கொறைஞ்சா போகும்?" என்று உபோகோ தன் மனைவியின் பிடரி முடியைத் தானே வெட்டி அனுப்பினான். அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன். அது வரை எந்தத் தீவிலும் கெஞ்சிக் கெஞ்சி ஒரு கற்றை வாங்க முடியாத மகிரோவாவுக்குப் பெட்டி நிறைய முடி வந்தது. யாருக்கு எவ்வளவு என்று அவள் வந்து தனித்தனியாகச் சொல்லிவிட்டு, பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எல்லோரும் சின்ன மீன்தான் என்று சொன்னபோது, ஜெயித்த ஆண்கள் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு கோலா வலை கேட்டு மாரா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவன் யாருக்கும் தரவில்லை.

அகாயிதிக்கு அந்த மாதங்கள் லேசாகப் போகவில்லை. தட்டு நிறையச் சின்ன மீன் தின்றாலும் மார்லின் ஆசை விடவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு வறுவல் மணத்துக்கு அவள் அழுதே விட்டாள். சில ராத்திரிகளில் மாரா அவளுக்கு மார்லினைச் சொல்வான். எப்படிக் கடித்தது, எப்படித் துள்ளியது, முதுகு எந்த நீலம், தேங்காய்ப்பாலில் போட்டால் எப்படி வெளுக்கும் என்று. குழந்தைக்குக் கதை சொல்கிற மாதிரி சொல்வான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டே தூங்கிப்போவாள்.

பெண் பிறந்தது. தலை நிறைய முடியோடு பிறந்தது. கூரைக்கு மேலே பறவை பறக்கும்படி கத்தியது. மகிரோவா அடுத்த விமானத்தில் வந்தாள். அகாயிதி படுத்திருந்த அறை வாசலில் பரேயினா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கையில் இருந்த சின்னக் கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஏம்மா ஒளிக்கிற?" என்றாள் பரேயினா. குழந்தையைத் தன் தோளில் சாய்த்து, இரண்டு விரலால் பிடரி முடியைப் பிரித்துக் காட்டினாள். "இங்க வெட்டு. தோல ஒட்டி. நுனில வெட்டி ஏமாத்திட்டுப் போயிராத."

அதன் முடிவு வந்த நாளில் மாரா துறையில் இருந்தான். அகாயிதிதான் போனில் கேட்டாள். கேட்டுவிட்டு நடக்க முடியாத உடம்போடு நடந்து, பாதி வழியில் பைக்கில் போன ஒருவனை நிறுத்தி ஏறி, குழந்தையோடு துறைக்கே போய்விட்டாள். மாராவின் காதில் சொன்னாள். உபோகோவும் மற்றவர்களும் படகுகளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னப்பா, எவ்ளோவாம்?" என்று கத்தினான் உபோகோ.

மாரா பழக்கத்தில் இரண்டு கையையும் விரித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பழக்கத்தில் சாய்ந்துகொண்டார்கள். விரித்த கை அப்படியே ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு கையும் கிட்டே வந்தன, இன்னும் கிட்டே வந்தன. ஒரு கை கீழே இறங்கிவிட்டது. மற்றக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், நடுவே ஒரு மயிரிழை போகிற இடைவெளியோடு, எல்லோரும் பார்க்கும்படி உயர்ந்து நின்றன.

"இத்துனூண்டு" என்றான். "இத்துனூண்டுடா."

அகாயிதி சிரித்தாள். பல வருஷத்துச் சிரிப்பு அத்தனையும் சேர்ந்து வந்தது. குழந்தை திடுக்கிட்டு விழித்து, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற மாதிரி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.